கொழுப்பு மாத்திரையும் போடணும், நடக்கவும் செய்யணுமா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
வயது 44. பட்டறையில் காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன், சாயங்காலம் தட்டுவடை செட் கட்டாயம். போன வாரம் ரத்தம் பார்த்ததில் கொழுப்பு ஏறியிருக்கிறது: டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 340, கெட்ட கொலஸ்டிரால் எல்.டி.எல். 168. சர்க்கரை இல்லை, பி.பி. மாத்திரை மட்டும் ஓடுகிறது. டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 எழுதிவிட்டு, தினமும் நட, சோற்றைக் குறை என்கிறார். மாத்திரைதான் போடுகிறேனே, அப்புறம் நடை எதற்கு? இல்லை, ஒழுங்காக நடந்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது என்று மச்சான் வேறு பயமுறுத்துகிறார்.

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி:
அண்ணா, அந்த இரண்டு எண்ணுக்கும் வைத்தியம் வேறவேற. எல்.டி.எல். பெரும்பாலும் கல்லீரல் கையில் இருக்கிறது. இந்த மாத்திரை கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதைக் குறைக்கும், கொலஸ்டிரால் போதாத கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் டோஸுக்கு சுமார் 40 சதவீதம் இறங்கும், வெறும் சாப்பாட்டை மாற்றி அவ்வளவு இறக்குவது கஷ்டம். டிரைகிளிசரைடு அப்படியில்லை. அது 150க்குள் இருக்கணும், ஏற்றிவிடுவது சோறு, மைதா, இனிப்பு, குடி, தொப்பை. மாத்திரை அதைக் கொஞ்சம்தான் தொடும், மீதி உங்கள் வாயிலும் காலிலும்தான். எண்ணெயை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஜவ்வரிசி உப்புமா தட்டு நிறையச் சாப்பிடுகிறவர்களைக் கடையில் தினம் பார்க்கிறேன். நம்ம சேலத்துச் சரக்குதான், ஆனால் மரவள்ளி மாவைத் தவிர அதில் என்ன இருக்கிறது? 500ஐத் தாண்டவிட்டால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அதுவரை போகாதீர்கள்.

மச்சான் சொன்னது பாதி சரி. நிறுத்தினால் சில வாரத்தில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே வந்துவிடும். அது போதைப் பழக்கம் இல்லை, மருந்து இருக்கும்வரைதான் வேலை செய்யும், உங்கள் பி.பி. மாத்திரை மாதிரியேதான்.

ஒண்டிக்கடை, ஏற்காடு:
மலைக்காரனுக்கு நடை எதற்கு என்பார்கள், வண்டி வந்த பிறகு நாங்கள் லேடீஸ் சீட் காட்சி முனைக்கே வண்டியில்தான் போகிறோம். குளிருக்கு என்று ராத்திரி போட்டுக்கொண்டிருந்த பிராந்தியை நிறுத்தி, சாயங்காலம் எஸ்டேட் ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்ததும் டிரைகிளிசரைடு பாதியாக வந்தது. எல்.டி.எல். அசையவே இல்லை. அப்பாவுக்கு ஐம்பதிலேயே ஹார்ட் அட்டாக் வந்த குடும்பம், அதனால் மாத்திரை தொடர்கிறது. இன்னொன்று, காப்பித்தூளைச் சட்டியில் கொதிக்கவிட்டுக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், அந்தக் காப்பி எல்.டி.எல்.லை ஏற்றும், காகித ஃபில்டரில் வடித்தால் அந்தப் பொருள் தாளிலேயே நின்றுவிடும்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
காப்பி நமக்கு ஆகாது, டீதான். மாத்திரை ராத்திரிதான் போடணுமா அக்கா? கால் வலிக்கும் என்கிறார்களே?

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி:
அட்டோர்வாஸ்டாட்டினுக்கு நேரம் முக்கியமில்லை, மறக்காத நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேருக்கு வலி வராது. காரணமில்லாமல் தொடை, தோள் பிடித்து வலித்தாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், மற்றபடி நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்வார், வெறும் வயிற்றில் போங்கள். தைராய்டு பார்க்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள், அது மந்தமாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும்.