இளங்கன்றில் இலை மஞ்சளித்தால்: குமரி மாவட்ட விளையில் (தோட்டத்தில்) விவசாயிகள் பார்த்தவை

தக்கலையிலிருந்து:

பலா, ரம்பூட்டான், ஜாதிக்காய், எந்தக் கன்று மஞ்சளித்தாலும் உடனே யூரியா அள்ளிப் போடுகிறோம். அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எந்த இலை முதலில் மஞ்சளித்தது என்று பாருங்கள். அடி இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம். கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்பு. தழைச்சத்தையும் மக்னீசியத்தையும் செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி நகர்த்த அதனால் முடியாது.

இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) மேல் இலையும் கீழ் இலையும் சேர்ந்து மஞ்சளித்து, மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் கோளாறு வேரில். மூட்டிலிருந்து (தண்டின் அடியிலிருந்து) ஒரு அடி தள்ளி, அரை அடி ஆழம் மெல்லக் கிளறி ஒரு சின்ன வேரை எடுத்துப் பாருங்கள். நல்ல வேரின் உள்ளே வெள்ளையாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும்.

குலசேகரத்திலிருந்து:

தக்கலை அண்ணன் சொன்ன வேரழுகல்தான் இந்தப் பக்கம் அதிகம். சரளை மண்ணை வெட்டி 3 அடிக் குழி எடுத்து, உள்ளே மட்டும் பொலபொலப்பான மண் நிரப்பினால் அது தொட்டிதான். சுற்றிலும் மண் இறுகிக் கிடப்பதால் தண்ணீர் வெளியேற வழியில்லை, வேருக்குக் காற்றில்லை. சரிவின் கீழ்ப்பக்கம் குழியின் அடிமட்டம் வரை சால் வெட்டி நீரை வடியுங்கள். தண்டின் மேல் ஏறிக் கிடக்கும் மண்ணை விலக்குங்கள். உரம் எதுவும் வேண்டாம். அழுகிய வேரால் அதை எடுக்க முடியாது, இருக்கிற வேரும் கருகும்.

மண் கொஞ்சம் உலர்ந்ததும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 3 கிராம் கலந்து, கன்றுக்கு 5 லிட்டர் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். 15 நாள் விட்டு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை 50 கிராமை 5 கிலோ மக்கிய சாணத்தில் கலந்து இடலாம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் மருந்து நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். மஞ்சளித்த பழைய இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புதுத் தளிர் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். தளிர் வந்த பிறகு யூரியா லிட்டருக்கு 10 கிராம், சாயங்காலத்தில் தெளித்தால் போதும்.

கொல்லங்கோட்டிலிருந்து:

தென்னைக்கு ஒன்று சேர்க்கிறேன். அடுப்புச் சாம்பலை மூட்டில் குவித்துக்கொண்டே போனால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிஞ்சி, வேர் மக்னீசியம் எடுப்பது தடைப்படும். அடி மட்டை மஞ்சளிக்கும், ஓலையின் நடுப்பக்கம் பச்சை நிற்கும். சாம்பலை நிறுத்தி, முதல் வருடக் கன்றுக்கு மக்னீசியம் சல்பேட் 125 கிராம் மூட்டைச் சுற்றிப் பரப்பி மண்ணோடு கிளறுங்கள்.

ஆனால் ஓலை விலா எலும்புபோல உள்பக்கமாக வளைந்து, தளர்ந்து மஞ்சளித்தால் அது வேர்வாடல் நோயாக இருக்கலாம். ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, பூச்சிகள் பரப்புவது, குணப்படுத்த மருந்து கிடையாது. சத்துக்குறைவு என்று உரம் போட்டு மாதங்களை வீணாக்காமல் வேளாண் அலுவலரை அழைத்துக் காட்டுங்கள்.

மணக்குடியிலிருந்து:

கடற்கரை மணலில் உரம் மழையோடு இறங்கிவிடும். வருட அளவை இரண்டு தவணையாக இடாமல் நான்காகப் பிரியுங்கள். இலை நுனியும் ஓரமும் கருகி, பிறகு மஞ்சள் உள்ளே பரவினால் கிணற்று நீரின் உப்பைச் சோதித்துப் பாருங்கள்.

தக்கலையிலிருந்து:

சுண்ணாம்பு இடுகிறவர்கள் யூரியாவுக்கு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.