பொருள்: கைக்கருவித் தரவுத்தளத்தில் ‘கனெக்‌ஷன்’: ‘இணைப்பு’ வேண்டாம், ‘தளப்பிடி’ என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

பால் கொள்முதல் கைக்கருவிக்கான தமிழ்க் கையேட்டு வரைவில் ‘கனெக்‌ஷன்’ வரும் இடமெல்லாம் ‘இணைப்பு’ என்றே போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும். சொல்லழகுக்காகக் கேட்கவில்லை. இந்தச் சொல், பழுது இல்லாத இடத்தில் ஆட்களைப் பழுது தேட வைக்கிறது.

ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு பால் சங்கம். விடியற்காலையில் கேன்களோடு வரிசை நிற்கும். அளவையும் கொழுப்புச் சத்தையும் கருவியில் பதிந்தால்தான் அடுத்தவர் பால் ஊற்ற முடியும். திரையில் ‘தரவுத்தள இணைப்பு தோல்வி’ என்று வந்ததும் எழுத்தர் கருவியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடித் தெருவுக்குப் போகிறார். சிம் கார்டைக் கழற்றி மாட்டுகிறார். அவர்மீது குற்றமே இல்லை. ‘இணைப்பு இல்லை’ என்றால் ஊரில் எவருக்கும் டவர்தான் நினைவுக்கு வரும்.

அந்தக் கருவிக்குள் இருப்பது எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருள். 2000-இல் வெளிவந்த நாளிலிருந்தே அது செயலிக்குள் சேர்ந்து ஓடுகிற ஒரு நூலகம், அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. தனி சர்வர் கிடையாது. தரவு முழுவதும் கருவியிலேயே ஒரு கோப்பாக இருக்கிறது. ‘கனெக்‌ஷன்’ என்று நிரலர் சொல்வது, அந்தக் கோப்பைத் திறந்து கையில் வைத்துக்கொள்வதைத்தான். காற்றலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மையில் வந்தது பிழை எண் 5: கோப்பின் பூட்டு வேறொருவரிடம் இருக்கிறது என்று பொருள். கொள்முதலைப் பதியும் திரை ஒன்று. பதிந்ததைப் பின்னணியில் பால் ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பும் பணி இன்னொன்று. இரண்டும் ஒரே கோப்பில் எழுதுகின்றன. எஸ்கியூலைட்டிலோ ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். 2010-இல் 3.7.0 பதிப்போடு வந்த முன்னெழுதும் பதிவேட்டு முறையில் (WAL: மாற்றங்களை முதலில் ஒரு துணைக் கோப்பில் எழுதும் முறை), ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் படிக்கலாம். இரண்டாம் ஆள் எழுத அதிலும் வழியில்லை. அனுப்பும் பணியை எழுதியவர், பரிவர்த்தனையை (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரு வேலைத் தொகுதியை) தொடங்கி, எழுத்துப் பூட்டை எடுத்துக்கொண்டு, தரவை அனுப்பி, அலுவலகத்திலிருந்து பதில் வந்த பிறகே முடிக்கும்படி அமைத்திருக்கிறார். மலையடிவாரத்தில் பதில் வரத் தாமதமாகும். அதுவரை பதிவுத் திரை எழுத முடியாது.

குழப்பம் வேரூன்றியதும் இதனால்தான். தெருவில் சிக்னல் கிடைத்ததும் அனுப்பும் பணி முடிந்து பூட்டு விடுபடுகிறது, திரையும் வேலை செய்கிறது. ‘டவர் கிடைத்தது, சரியாயிற்று’ என்று எழுத்தர் உறுதியாக நம்புகிறார். இரண்டு வெவ்வேறு ‘இணைப்பு’களில் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துக் கிடந்ததை அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிட்டது.

தீர்வு பெரிதல்ல. அனுப்ப வேண்டியதைப் படித்துக்கொண்டு பூட்டில்லாமல் அனுப்பலாம். பதில் வந்த பின் ‘அனுப்பப்பட்டது’ என்று குறிக்க மட்டும் சிறு பரிவர்த்தனை போதும். காத்திருப்பு நேரத்தையும் அமைக்க வேண்டும்: நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்தும்போது நாமாக அமைக்காவிட்டால் அது காத்திருக்காமல் உடனே பிழையைத் திருப்பிவிடும். கையேட்டில் தடித்த எழுத்தில் ஒன்று வேண்டும்: பூட்டை நீக்குவதாக எண்ணித் தரவுக் கோப்பின் பக்கத்தில் இருக்கும் துணைக் கோப்புகளை எவரும் அழிக்கக் கூடாது. கடைசிப் பதிவுகள் அவற்றுக்குள் மட்டுமே இருக்கலாம். தரவே சிதையவும் கூடும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘உள்ளிணைப்பு’ என்று ஆம்பூர் நண்பர் முன்மொழிந்தார். இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் ‘இன்னர் ஜாயின்’ ஏற்கெனவே பாடங்களில் ‘உள் இணைப்பு’ என்று வழங்குவதால் அது மோதும். ‘திறப்பு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஈழத்து வழக்கில் திறப்பு என்றால் சாவி. பூட்டைப் பற்றிப் பேசும் பக்கத்தில் அது வந்தால் அங்குள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? என் பரிந்துரை ‘தளப்பிடி’. அதற்கு வினைகள் தாமாக அமைகின்றன: பிடியை எடு, பிடியை விடு, விடாத பிடி. கடைசியில் சொன்னது, மூட மறந்த கனெக்‌ஷனுக்கு அப்படியே பொருந்துகிறது.

காட்பாடியிலிருந்து

———

> என் பரிந்துரை ‘தளப்பிடி’

ஐயா, வணக்கம். ‘பிடி’ என்றால் ஒருவர் பிடித்தால் மற்றவருக்கு இல்லை என்று ஆகாதா? அது பூட்டுக்கு உரிய பொருள் அல்லவா? என் மாணவிகளிடம் கேட்டேன். பாதிப்பேர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். காத்திருப்பு எல்லைக்கு ‘முறைக்கெடு’ என்கிறேன். ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருப்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள்.

குடியாத்தத்திலிருந்து

———

அம்மா, கேள்வி சரியானது. ஆனால் பேருந்தில் ஒரே கம்பியைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். பிடி என்பது ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டியதில்லை. ‘பிடி பலரிடம் இருக்கலாம், எழுத்துப் பூட்டு ஒருவரிடமே இருக்கும்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் உங்கள் மாணவிகளின் ஐயம் தீரும் என்று நம்புகிறேன்.

‘முறைக்கெடு’ மட்டும் வேண்டாம் அம்மா. அவசரத்தில் படிப்பவர் கண்ணில் ‘முறைகேடு’ என்றே விழும். பால் கணக்குக் கருவியில் அந்தச் சொல் தோன்றினால் சங்கத்தில் சண்டையே வரும். ‘கெடு’ நல்ல சொல், அதை விடக் கூடாது. ‘காத்திருப்புக் கெடு’ என்போம்.

இந்தச் சொற்கள் நிரலருக்கும் பழுது பார்ப்பவருக்கும் உரியவை. எழுத்தரின் திரையில் கலைச்சொல்லே வரக் கூடாது. பிழை எண் 5 வந்தால் ‘வேறொரு பணி எழுதிக்கொண்டிருக்கிறது, சற்றுக் காத்திருங்கள்’. 13 வந்தால் ‘கருவியில் இடம் நிரம்பிவிட்டது’. 14 வந்தால் ‘தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை’. மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. இப்போது மூன்றும் ‘இணைப்பு தோல்வி’ என்றே காட்டுகின்றன. செய்தி வாசகங்களை உங்கள் மாணவிகளிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். தயங்கும் இடங்களைக் குறித்து அனுப்பினால், அதற்கேற்ப வரைவைத் திருத்திவிடுகிறேன்.