எகிப்தில் 430 வருஷமா, 215 வருஷமா?

பனையோலை:
போன ஞாயிறு எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் வேத வினாடி வினா நடத்தினேன். "இஸ்ரவேலர் எகிப்தில் குடியிருந்தது எத்தனை வருஷம்?" என்று ஒரு கேள்வி. விடை 430. ஒரு பெண் மட்டும் 215 என்று எழுதியிருந்தாள், தப்பு போட்டேன். கூட்டம் முடிந்ததும் நோட்டோடு வந்து நின்றுவிட்டாள். யாத்திராகமம் 6-இல் கோகாத்தின் ஆயுசு 133, அவன் மகன் அம்ராமின் ஆயுசு 137. அம்ராமின் மகன் மோசேக்கு எகிப்திலிருந்து புறப்படும்போது 80 வயது. "கூட்டுங்க அண்ணா" என்கிறாள். 350தான் வருகிறது! கோகாத் தன் தாத்தா யாக்கோபோடு எகிப்துக்கு வந்தவன் என்று ஆதியாகமம் 46-இலேயே இருக்கிறது. அவன் கைக்குழந்தையாக வந்தான், ஒவ்வொரு தகப்பனும் சாகிற வருஷத்தில் பிள்ளை பெற்றான் என்று வைத்தாலும் 80 வருஷம் குறைகிறது. "அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று வந்துவிட்டேன். யாராவது கைகொடுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அந்தப் பிள்ளை சொன்னது சரி தம்பி. 430-ஐ எகிப்துக்குள் போனதிலிருந்து எண்ணக்கூடாது, ஆபிரகாம் கானானுக்கு வந்ததிலிருந்து எண்ண வேண்டும். அப்போது அவருக்கு 75. ஈசாக்கு பிறக்கும்போது 100. ஆக 25 வருஷம். யாக்கோபு பிறக்கும்போது ஈசாக்குக்கு 60. யாக்கோபு பார்வோன் முன் நின்று தன் வயது 130 என்கிறார். 25, 60, 130 கூட்டினால் 215. மீதி 215தான் எகிப்து. பவுலும் கலாத்தியர் 3:17-இல் ஆபிரகாமுக்குத் தந்த வாக்குத்தத்தத்துக்கும், மோசே வழியாக வந்த நியாயப்பிரமாணத்துக்கும் நடுவே 430 என்றுதானே எழுதுகிறார்?

முள்வேலி:
ஐயா, வசனத்தை முதலில் படியுங்கள். யாத்திராகமம் 12:40 "எகிப்திலே குடியிருந்த காலம்" என்கிறது. கானான் என்ற சொல்லே அங்கே இல்லை. அடுத்த வசனம் "அன்றைத்தினமே" புறப்பட்டார்கள் என்று நாள் கணக்காகச் சொல்கிறது. கணக்கு இடிக்கிறது என்பதற்காக எழுதியிருப்பதை மாற்றுவீர்களா? பவுலைப் பொறுத்தவரை, யாக்கோபு எகிப்துக்குப் புறப்பட்டபோது பெயெர்செபாவில் தேவன் வாக்குத்தத்தத்தை மறுபடி சொன்னார் (ஆதி. 46). அங்கிருந்து எண்ணினால் 430 நேராக நிற்கும்.

அந்தோணியார் தெரு:
முள்வேலி, "கானான் என்ற சொல்லே இல்லை" என்பது மசோரா பாடம் என்கிற, யூதர்கள் வழிவழியாகக் காத்த எபிரேய மூலத்துக்கும் அதை ஒட்டிய நம் மொழிபெயர்ப்புகளுக்கும் பொருந்தும். எழுபதின்மர் பெயர்ப்பு என்கிற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே வசனம் எகிப்து நாட்டிலும் கானான் நாட்டிலும் என்று இருக்கிறது. சமாரியர் தனியாகக் காத்துவந்த மோசேயின் ஐந்து ஆகமங்களிலும் கானான் உண்டு, கூடவே "அவர்கள் மூதாதையரும்" என்றும் உண்டு. எது மூலம் என்று சண்டை போடலாம். ஆனால் மாற்றியது வாத்தியார் இல்லை, பாவம்.

யூத ரபிகளும் எகிப்தில் 430 என்று எண்ணவில்லை. ஆபிரகாமின் சந்ததி அந்நிய நாட்டில் ஒடுக்கப்படும் என்று ஆதி. 15:13 சொல்கிற 400 வருஷத்தை ஈசாக்கின் பிறப்பிலிருந்து எண்ணி, 60-ஐயும் 130-ஐயும் கழித்து, 210 என்கிறார்கள். "அங்கே போங்கள்" என்று யாக்கோபு மகன்களிடம் சொல்கிற எபிரேயச் சொல் 'ரெது'. எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு, இந்தச் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினாலும் 210. ரசித்துச் செய்திருக்கிறார்கள்.

முள்வேலி:
கானானை யாரோ பின்னால் நுழைத்திருக்கிறார்கள். இடிக்கிற கணக்கைச் சரிசெய்யத்தான். வேறெதற்கு?

அப்புறம் 215-காரர்களுக்கு ஒரு கேள்வி. எண்ணாகமம் 3:28-இல் மோசேயின் காலத்தில் கோகாத்தியர் ஆண்கள், ஒரு மாதக் குழந்தை முதல், 8,600 பேர். கோகாத் மோசேயின் சொந்தத் தாத்தா என்றால், அவருக்கு இருந்த நான்கே மகன்கள் வழியாக, பேரன் உயிரோடு இருக்கும்போதே 8,600 ஆண் வாரிசா? கல்யாண வீட்டில் பந்தி போடவே ஊர் போதாது. நடுவில் தலைமுறைகள் விட்டுப்போயிருக்கின்றன, அவ்வளவுதான். 1 நாளாகமம் 7-இல் யோசேப்பின் மகன் எப்பிராயீமுக்கும் மோசேயின் உதவியாளன் யோசுவாவுக்கும் நடுவே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதே காலத்துக்கு மோசே பக்கம் மட்டும் நாலே தலைமுறையா?

கணக்கு வாத்தியார்:
8,600 நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் யோகெபேத்தை மறந்துவிட்டீர்கள். எண்ணாகமம் 26:59-இன்படி அவள் கோகாத்தின் தகப்பன் லேவிக்கு எகிப்தில் பிறந்த மகள், மோசேயின் தாய். யோசேப்பின் வயதை வைத்துப் பார்த்தால் எகிப்துக்கு வரும்போது லேவிக்குச் சுமார் 43. செத்தது 137-இல். ஆக அவள் எகிப்துக்கு வந்து 94 வருஷத்துக்குள் பிறந்திருக்க வேண்டும். உங்கள் 430 சரி என்றால் மோசே பிறந்தது 350-ஆம் வருஷம். பிரசவத்தின்போது அந்த அம்மாளுக்குக் குறைந்தது 256 வயது! 90 வயதில் சாராள் பெற்றதற்கே வேதம் அத்தனை ஆச்சரியப்படுகிறது. இதற்கு ஒரு வரிகூட இல்லையே?

முள்வேலி:
"லேவிக்குப் பிறந்தவள்" என்றால் லேவி வம்சத்தில் பிறந்தவள் என்றும் கொள்ளலாம். ஆதி. 46:18-இல் சில்பாள் யாக்கோபுக்குப் பெற்ற 16 பேர் என்று ஒரு பட்டியல். அதில் பேரன்கள், கொள்ளுப்பேரன்கள்கூட இருக்கிறார்கள். அவர்களையும் சில்பாளா பெற்றாள்?

அந்தோணியார் தெரு:
அது செல்லும். எஸ்றா 7-இன் பரம்பரைப் பட்டியலிலும், 1 நாளாகமம் 6-ஓடு ஒப்பிட்டால், ஆறு பேர் இல்லை. பட்டியல்களில் ஆள் விடுவது அவர்களுக்கு வழக்கம்தான்.

ஆனால் அந்த வழியில் போனால் ஒரு விலை உண்டு, முள்வேலி. ஆதி. 15:16 நாலாம் தலைமுறை கானானுக்குத் திரும்பி வரும் என்கிறதே? லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று நாலு பேரைக் காட்டித்தான் அது நிறைவேறியதாகப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தலைமுறை விட்டுப்போனது என்றால் அந்தப் பிரசங்கம் போச்சு. என் கருத்து, இந்த எண்கள் காலண்டர் கிழிக்கிற எண்களே இல்லை. லேவிக்கும் 137, அம்ராமுக்கும் 137, இஸ்மவேலுக்கும் 137. ஆலயம் கட்டத் தொடங்கியது எகிப்தை விட்டு 480-ஆம் வருஷம் என்கிறது 1 இராஜாக்கள் 6:1. அது பன்னிரண்டு நாற்பது. கிரேக்கத்தில் அதுவே 440.

முள்வேலி:
இப்படியே போனால் எதுவும் எண் இல்லை, எல்லாம் அடையாளம் என்று முடிப்பீர்கள். 137 மூன்று தடவை வருவதால் அது பொய்யாகிவிடுமா? எங்கள் தெருவிலேயே மூன்று பேர் 78-இல் போனார்கள்.

பனையோலை:
பொய் என்று அவர் சொல்லவில்லையே முள்வேலி. சரி, எனக்கு விஷயம் புரிந்தது: 430 என்றால் யோகெபேத் இடிக்கிறாள், 215 என்றால் 8,600 இடிக்கிறது. இனி அந்தக் கேள்வியை "யாத்திராகமம் 12:40-இன்படி எத்தனை வருஷம்?" என்று மாற்றிவிடுகிறேன். ஆனால் அவளுக்கு மதிப்பெண் போடவா வேண்டாமா?

கணக்கு வாத்தியார்:
போடுங்கள் தம்பி. கூட்டிக் காட்டியிருக்கிறாள்.

முள்வேலி:
பாதி போடுங்கள். அந்த 8,600-ஐயும் அவளிடம் கேளுங்கள், என்ன சொல்கிறாள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.