இணையத்தில் அளவு கொடுத்துத் தைத்த உடை: உங்கள் அனுபவம் என்ன?

மதுரையிலிருந்து:

தம்பியின் திருமணத்துக்காக நான் இணையத்தில் தைக்கக் கொடுத்த ஆரி வேலை ரவிக்கையைப் பற்றி வீட்டில் இன்னும் யாரும் பேச்செடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. படிவத்தில் ‘கைச் சுற்று’ என்று ஒரு கட்டம் இருந்தது. தோளுக்குச் சற்றுக் கீழே கையின் பருமனை அளந்து 15 அங்குலம் என்று எழுதினேன். அவர்கள் கேட்டதோ தோளிலிருந்து அக்குளைச் சுற்றி வரும் அளவு; அது எனக்கு 17. பொதி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையில்தான் வந்தது. கையை மெல்லத் திணித்துப் போட்டுப் பார்த்தபோது அசையாமல் நிற்கும்வரை ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை என் பக்கம் விட்டான். எங்கள் வழக்கப்படி மற்ற இரண்டு முடிச்சுகளும் நாத்தனாருடையவை. மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் குனிந்து இரு கைகளையும் முன்னே நீட்டினேன். அக்குளில் துணி கத்தியைப் போல அழுத்த, முதுகில் தையல் விடும் ஓசை எனக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது முடிச்சோடு கைகளைத் தாழ்த்திக்கொண்டேன். மூன்றாவதைச் சித்தி மகள் போட்டாள். அந்த நிறுவனம் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

முதலில் எழுதிய சகோதரி தவறாக நினைக்கக் கூடாது. அளவை மாற்றி எழுதியவர் நீங்கள், நீங்கள் எழுதியபடியே அவர்கள் தைத்தார்கள், இதில் பாதிப் பணம் கொடுத்ததே பெரிது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு, ஏனென்றால் நானும் அதே பிழையை வேறு விதமாகச் செய்தவன்.

நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றை மேசையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்தேன். 22 அங்குலம் இருந்தது. இரட்டித்து 44 என்று எழுதினேன். என் உடம்பின் மார்புச் சுற்று 40தான். மீதி 4 அங்குலம், கை கால் வீசி நடக்கவும் மூச்சு விடவும் தையற்காரர் சேர்க்கும் தளர்ச்சி. படிவம் உடம்பின் அளவைத்தான் கேட்டிருந்தது என்பதால், அவர்கள் என் 44உடன் தம் பங்குக்கு இன்னொரு 4 சேர்த்து 48 அங்குலத்தில் ஒரு சட்டையல்ல, மூன்று சட்டைகளை வெட்டிவிட்டார்கள். அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டியில் சென்றபோது முதுகில் காற்றுப் புகுந்து அது கூடாரம் போல எழும்பியது. அவிநாசி சாலை முழுவதும் பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி இரு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். படிவத்தைப் படிக்காமல் நிரப்பியவன் நான். குறை சொல்ல வேறு யாரும் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து:

கோவைக்காரர் படித்துவிட்டு நிரப்புங்கள் என்று எளிதாகச் சொல்கிறார். ‘கைச் சுற்று’ என்பதை எங்கள் ஊரில் கையின் முனையில் வரும் சுற்றளவுக்குச் சொல்வோம், வேறு கடையில் புயத்துக்குச் சொல்வார்கள். ஒரு படம்கூடப் போடாமல் இரண்டு சொல்லில் கேட்டுவிட்டுப் பழியை வாடிக்கையாளர் தலையில் போடுவது முறையா, ஐயா?

என் கதை சிறியது. பேத்திக்கு வாங்கிய சுடிதார் அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதல் முறை துவைத்ததும் உள்ளே கொடுத்திருந்த பருத்தி லைனிங் சுருங்கி, சுருங்காத மேல்துணியை உள்ளிழுக்க, உடை முழுவதும் பொரித்த அப்பளம் போல மடிந்து நின்றது.

26 ஆண்டுகள் வீட்டில் தையல் மிஷின் மிதித்தவள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் வெட்டுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தன்னைத்தானே அளந்துகொள்ளாதீர்கள், நாடாவைப் பார்க்கக் குனிந்தாலே தோளும் மார்பும் மாறிவிடும், ஆகையால் இன்னொருவர் அளக்க வேண்டும், அதுவும் அந்த ரவிக்கைக்குள் போடப்போகும் உள்ளாடையை அணிந்துகொண்டு. பழைய அளவு நாடா நீண்டுபோயிருக்கும். இரும்பு ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நாடாவின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர் என்பதும், 1 அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பதும் தெரிந்தவர்கள்கூட அவசரத்தில் பக்கம் மாற்றி எழுதுவதைக் கண்டிருக்கிறேன். முடிந்தால் அளவு ரவிக்கையையே கூரியரில் அனுப்புங்கள். ஆனால் இன்று பொருந்துவதை அனுப்புங்கள், பிள்ளைப்பேற்றுக்கு முன் பொருந்தியதை அல்ல. பக்கத் தையலில் இருபுறமும் 1 அங்குலத் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள், இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தளர்த்தலாம். பட்டில் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரியும் என்றாலும் பக்கவாட்டில் அதைப் புடவை மறைத்துவிடும். எல்லாவற்றையும்விட, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வரும்படி எதையும் தைக்கக் கொடுக்காதீர்கள், மகளே. ஒரு மாதமாவது கையில் இருக்க வேண்டும்.

லண்டனிலிருந்து:

அளவு தவறினால் பிரிக்கலாம், ஒட்டலாம். எனக்கு நேர்ந்ததற்கு அதுவும் இல்லை. என் அம்மாவின் காஞ்சிபுரம் பட்டிலிருந்து ரவிக்கைத் துணியை வெட்டி, இங்கேயே இணையத்தில் தைத்துத் தரும் ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பினேன். கரை இரண்டு கைகளின் முனையிலும் வர வேண்டும் என்று எழுதியதோடு படமும் வரைந்து வைத்திருந்தேன். உறையைப் பிரித்தபோது கைகள் வெறும் பட்டாக இருந்தன. கரை முழுவதும் இடுப்புப் பட்டியில், முந்தானை மடிப்புக்குள் மறையப்போகும் இடத்தில், ஓடியிருந்தது. அம்மா இறந்த பிறகு அந்தப் புடவையை நான் முதன்முறையாகக் கட்டுவதற்காகத்தான் அதைத் தைக்கக் கொடுத்தேன்.

இங்கே இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்னும் 2013ஆம் ஆண்டின் விதி, வாங்குபவரின் தேவைக்கேற்பச் செய்த பொருளுக்குப் பொருந்தாது. ஆனால் நான் வாங்கியது பொருள் அல்ல, என் துணியில் செய்த வேலை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை சரியாக நடக்காவிட்டால் மறுபடி செய்து தரச் சொல்லலாம், அது இயலாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். அந்தத் தையற்காரப் பெண்மணி மிகவும் வருந்தினார். உடனே மறுபடி தைத்துத் தருவதாகவும் சொன்னார். எந்தத் துணியில் என்று கேட்டேன். தொலைபேசியில் இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். கூலி முழுவதையும் திருப்பித் தந்துவிட்டார். அந்தப் புடவையைக் கருப்பு ரவிக்கையோடு கட்டினேன்.

மதுரையிலிருந்து, மீண்டும்:

தஞ்சாவூர் அம்மாவுக்கு நன்றி. நீங்கள் சொன்ன ஒரு மாதம் எனக்கும் இருந்தது, புடவை எடுக்கவே பதினெட்டு நாட்களை விட்டுவிட்டேன். கோவை ஐயாவுக்கு ஒன்று: உங்கள் படிவத்தில் உடம்பின் அளவு என்று எழுதியிருந்தது, என்னுடையதில் எதுவும் எழுதியிருக்கவில்லை, எனவே இரண்டும் ஒரே பிழை அல்ல.

திருமணம் முடிந்த வாரமே ரவிக்கையை எங்கள் தெருமுனைத் தையற்காரரிடம் எடுத்துச் சென்றேன். உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர், கால் அங்குலம்கூட விடவில்லையே என்று தலையை ஆட்டினார். பிறகு ஓரத்தில் கிடந்த துண்டில் அதே நிறத்தைத் தேடி எடுத்து, இரண்டு அக்குளிலும் சாய்சதுரமாக ஓர் ஒட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி 80 ரூபாய். போட்டுக்கொண்டு அங்கேயே, யாரோ என் முன்னால் குனிந்து நிற்பதைப் போல, கைகளை நீட்டிப் பார்த்தேன். நன்றாக நீண்டன. அவர் எதற்கு என்று கேட்கவில்லை.