1930-களின் சியோலை ஆராய மென்சியஸ் எதற்கு?

ஹான்நதிக்கரை:

கிழக்காசியவியல் முதுகலையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்தது முனைவர் பட்டம். எடுத்துக்கொண்ட பொருள், 1930-களில் சியோல் நகரப் பல்பொருள் அங்காடிகளில் விற்பனைக்கு நின்ற இளம்பெண்கள். ஜப்பானிய மிட்சுகோஷி நிறுவனம் 1930-இல் அங்கே திறந்த கட்டடம் இன்றும் ஷின்செகே என்ற பெயரில் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. நான் படிக்க வேண்டியவை அக்காலத்துச் செய்தித்தாள்கள், மாத இதழ்கள், விளம்பரங்கள், கொஞ்சம் போலீஸ் கோப்புகள். கொரிய மொழியில் டோபிக் என்ற திறன்தேர்வின் ஆறாம் நிலை முடித்துவிட்டேன். கொரியாவை அப்போது ஆண்ட ஜப்பானியக் காலனி ஆட்சியின் கோப்புகள் ஜப்பானிய மொழியில் இருப்பதால் அதையும் படிக்கிறேன். அதில் எனக்கு முணுமுணுப்பு இல்லை.

முணுமுணுப்பெல்லாம் செவ்வியல் சீனத்தைப் பற்றித்தான். இரண்டு பருவம் கட்டாயம் என்கிறது துறை. போன வாரம் முழுவதும் சீனத் தத்துவஞானி மென்சியஸ் லியாங் நாட்டு மன்னனைப் பார்க்கப் போன கதை. கி.மு. நான்காம் நூற்றாண்டு உரையாடல். வாக்கியத்தின் கடைசியில் வரும் 'யே', 'ஹூ' என்ற ஓரசைச் சொற்களுக்கு என்ன பொருள் என்று நள்ளிரவு வரை அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முகப்பவுடர் விற்ற பெண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? குதர்க்கமாகக் கேட்கவில்லை. இதைப் படித்ததால் நவீன கால ஆய்வில் பயன் கண்டவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

சம்பந்தம் இல்லை. துறையில் அதை நடத்தும் பேராசிரியருக்கு மாணவர்கள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஜப்பானிய மொழியில் முதுகலை முடித்தவன். பட்டத்துக்காகப் பழைய ஜப்பானியச் செய்யுள் படித்தேன். இப்போது வாகன உதிரிபாக நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பாளன். பதினொரு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் செய்யுள் இலக்கணம் என் மேசைக்கு வரவில்லை. தங்கைக்கு ஒரு தகவல்: கொரியாவை ஆண்ட சோசன் அரசமரபின் ஆண்டுக்குறிப்புகள் முழுவதும் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டவை. தென்கொரியாவில் 1993-லேயே அவற்றை நவீன கொரியத்துக்கு மொழிபெயர்த்து முடித்துவிட்டார்கள். இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், சொல் கொடுத்துத் தேடலாம். மன்னர் காலத்தை ஆராய்பவர்களுக்கே அந்த வசதி இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இந்தத் தண்டனை? மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டு பருவத்தைச் சியோல் ஆவணக் காப்பகத்தில் கழித்தால் ஆய்வேட்டில் ஓர் இயல் முடிந்திருக்கும்.

சுவடிப்பெட்டி:

ஹான்நதி அம்மா, மன்னன் மென்சியஸைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன? "ஆயிரம் லீ தொலைவு கடந்து வந்திருக்கிறீர்களே, என் நாட்டுக்கு லாபம் ஏதாவது உண்டா?" போன வாரம் முழுவதும் அதைப் படித்துவிட்டு இங்கே வந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். 'லாபம் எதற்கு, அன்பும் அறமும் போதும்' என்று அவர் சொன்ன பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

விளையாட்டுக்குச் சொன்னேன். கணக்குப்பிள்ளை அவர்களின் வாதத்துக்கு வருகிறேன். ஆண்டுக்குறிப்புகள் மொழிபெயர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அரசரின் செயலகம் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று இருக்கிறது, சுங்ஜங்வோன் இல்கி. 3,243 புத்தகங்கள், இருபத்துநான்கு கோடிக்கு மேல் எழுத்துகள். 1994-இல் தொடங்கிய மொழிபெயர்ப்பு இன்னும் முடிந்தபாடில்லை. மொழிபெயர்த்ததை மட்டும் படிப்பவர், பிறர் எடுத்து வைத்ததைத்தான் உண்ண வேண்டும். பந்தியில் அது சரி, ஆராய்ச்சியில் சரியல்ல.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். பழைய சீன நூல்களில் நிறுத்தற்குறி கிடையாது. எங்கே மூச்சு விடுவது என்பதைப் படிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கன்பூசியஸின் லுன்யூவில், எட்டாம் அத்தியாயத்தில் பத்தே எழுத்துகள்: மக்கள், இயலும், செய்விக்க, பின்பற்ற, அதை, இயலாது (இது இரண்டு எழுத்து), செய்விக்க, அறிய, அதை. மரபாக வாசித்தால் "மக்களை ஒரு வழியில் நடக்கச் செய்யலாம், அதை அறியச் செய்ய முடியாது" என்று வருகிறது. 'செய்விக்க' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்துப் பாருங்கள். "மக்கள் தகுதி பெற்றிருந்தால் அவர்கள் போக்கில் விடு, இல்லையென்றால் அவர்களுக்கு அறிவூட்டு." ஒரு காற்புள்ளியில் சர்வாதிகாரி கல்வி அமைச்சர் ஆகிவிடுகிறார். இயந்திரம் இரண்டில் ஒன்றைத் தயங்காமல் எடுத்து நீட்டும். இன்னொன்று இருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். புள்ளியில்லாத ஏட்டுச் சுவடியைப் பிரித்துப் படித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

நமக்கு நெருக்கமான சான்று வேண்டுமா? 1911-இல் இலங்கையின் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த கல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேவின் கப்பல்கள் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதியில் காணிக்கை புத்தருக்கு. தமிழ்ப் பகுதியில் அதே மாதிரிக் காணிக்கை தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தை நோக்கிப் பேசுகிறது. சீனம் மட்டும் தெரிந்தவர் சீனாவின் மிங் பேரரசர் பௌத்தத்தைப் பரப்பினார் என்று எழுதிவிட்டுப் போவார்.

புளியமரம்:

ஆக, முகப்பவுடர் வாங்கக் காலித் துறைமுகம் வழியாகப் போக வேண்டும்.

ஹான்நதிக்கரை:

புளியமரம் சொன்னதுதான் என் பதிலும். சுவடிப்பெட்டி ஐயா, காற்புள்ளி கதையை என் வகுப்பில் யாரும் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை, நன்றி. ஆனால் நீங்கள் கொடுத்த சான்றுகள் எல்லாம் மன்னர் காலத்தவை. என் பெண்கள் 1935-இல் நின்றவர்கள்.

இரண்டு விஷயங்களை நீங்கள் ஒன்றாக்குகிறீர்கள். அக்காலத்துச் செய்தித்தாள் கொரிய எழுத்தும் சீன எழுத்தும் கலந்தது என்பது எனக்குத் தெரியும். தோங்கா இல்போ நாளிதழ் 1920-இல் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். அதற்காக ஹஞ்சா என்ற அந்தச் சீன எழுத்துகள் இரண்டாயிரத்துக்கு மேல் கற்றிருக்கிறேன். எழுத்தை அறிவது வேறு, மென்சியஸின் இலக்கணத்தை அறிவது வேறு.

சரி, பழைய காலத்துக்கே போவோம். சோசன் காலத்து நிலப்பத்திரங்களையும் வழக்கு மனுக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தர்கள் 'இதூ' என்ற முறையில் எழுதினார்கள் (நம் 'இது' அல்ல). கொரிய வேற்றுமை உருபுகளையும் வினை ஈறுகளையும் சீன எழுத்துகளைக் கொண்டே குறிக்கும் முறை. மென்சியஸைக் கரைத்துக் குடித்தவராலும் அதை வாசிக்க முடியாது. 1894 சீர்திருத்தம் வரை அலுவலகங்களில் அது புழங்கியது. துறையில் அதற்கு வகுப்பு இருக்கிறதா? இல்லை. உண்மையாகவே தேவைப்படுவதை விட்டுவிட்டு, மரபு என்பதற்காக ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

தைனான் மழை:

தங்கை, இதூ பற்றிச் சொன்னது சரியான அடி. ஆனால் "1935-க்கு வேண்டாம்" என்பதில் உடன்பட மாட்டேன்.

1919 மார்ச் முதல் தேதி கொரியச் சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். "ஓதுங்-உன் சா-ஏ ஆ சோசன்-உய்..." ஓதுங் என்றால் நாங்கள், சா என்றால் இங்கு, ஆ என்றால் நம். மூன்றும் செவ்வியல் சீனச் சொற்கள். உன், ஏ, உய் மட்டும்தான் கொரிய உருபுகள். நம் ஊர் மணிப்பிரவாளம் போல. எழுத்துகளை மட்டும் அறிந்தவர் இதை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டலாம். எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று தெரிய உள்ளே ஓடும் இலக்கணம் வேண்டும். உங்கள் 1930-களின் பத்தி எழுத்தாளர்கள் பலர் சிறு வயதில் ஊர்ப் பள்ளியில் இதே மென்சியஸை மனப்பாடம் செய்தவர்கள். நவநாகரிகப் பெண்ணைக் கேலி செய்யும்போது அவர்கள் பழைய வாசகமொன்றைத் திரித்துப் போடுவார்கள். மேற்கோள் குறி இருக்காது. மூலம் தெரியாவிட்டால் அங்கே கேலி இருந்ததே தெரியாது.

என் ஆய்வு ஜப்பானியர் ஆண்ட தைவானைப் பற்றியது, 1895 முதல் 1945 வரை. முன்பு உங்களைப் போலவே நானும் வாதாடினேன். காலனி ஆட்சி என்றால் ஜப்பானிய மொழி போதும் என்று நினைத்தேன். காப்பகத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: அங்கே வெளிவந்த முதன்மை ஜப்பானிய நாளிதழே 1937 வரை சீன மொழிப் பக்கத்தையும் அச்சிட்டுவந்தது. ஜப்பானிய அதிகாரிகளும் தைவான் பெரிய மனிதர்களும் செவ்வியல் சீனத்தில் கவிதை எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பேச்சு மொழி வேறாக இருந்தவர்களுக்கு அது பொதுமொழி. வரி வசூலும் அதில் கலந்திருந்தது, முகத்துதியும் கலந்திருந்தது. ஒரு கவிதையில் நான்கு வரியைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அப்போது என் பேராசிரியரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

துறை மீது உங்களுக்கிருக்கும் கோபத்தில் பாதியை நானும் பகிர்ந்துகொள்கிறேன். முதல் பருவம் மென்சியஸ் என்றால் இரண்டாம் பருவத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதமும் நாளிதழும் வைக்கலாம். வைப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:

அக்காவின் மூன்று நாளைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நான்கு வரியைச் செவ்வியல் சீனம் நன்கறிந்த ஒருவரிடம் கொடுத்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஒருவரே எல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பது பழைய பண்டிதக் கனவு.

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 2016-க்கும் 2021-க்கும் இடையில் அயல்மொழி படிப்போர் எண்ணிக்கை ஏறக்குறைய 17 சதவீதம் சரிந்தது. சீனமும் சரிந்தது. கொரியம் 38 சதவீதம் ஏறியது. அந்த மாணவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்: நாடகம், பாட்டு. நாளை இந்தத் தங்கைக்கு வேலை கிடைத்தால் அவர்களுக்கு நவீன கொரியம் சொல்லிக்கொடுக்கத்தான் கிடைக்கும். உதவித்தொகையோ ஆண்டுக்கணக்கில் அளந்து தருகிறார்கள்.

சுவடிப்பெட்டி:

அறிந்தவரிடம் கொடுக்கலாம் என்கிறீர்கள். அந்த அறிந்தவர் எந்த வகுப்பிலிருந்து வருவார்? அந்த வகுப்பைத்தானே மூடச் சொல்கிறீர்கள்.

ஹான்நதி அம்மாவுக்கு ஒரு நடைமுறை யோசனை. ஜப்பானியம் எப்படியும் படிக்கிறீர்கள். செவ்வியல் சீனத்தை ஜப்பானியர் வாசிக்கும் கன்புன் முறையில் படியுங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காலனி கால அதிகாரிகளின் எழுத்துநடையே அந்த வாசிப்பிலிருந்து வந்ததுதான், ஆகவே உங்கள் போலீஸ் கோப்புகளுக்கும் உதவும்.

தமிழருக்கு அது எளிது என்பதையும் காட்டுகிறேன். சீனாவின் ஹான் பேரரசுத் தளபதி பான் சாவ் சொன்னதாகப் பதிவான வாசகம் ஒன்று உண்டு. சீனச் சொல்வரிசை: "நுழையாது புலிக்குகை, பெறாது புலிக்குட்டி." ஜப்பானியர் அந்த எழுத்துகளைத் தொடாமல், ஓரத்தில் சிறு குறிகளை இட்டு, முன்பின்னாக மாற்றி வாசிப்பார்கள். வழக்கில் நிலைத்த வாசிப்பு: "கொகெட்சு நி இராசுன்பா, கோஜி ஒ எசு." கொகெட்சு புலிக்குகை, நி 'க்குள்', இராசுன்பா 'நுழையாவிட்டால்', கோஜி புலிக்குட்டி, ஒ 'ஐ', எசு 'பெற இயலாது'. சேர்த்துப் படியுங்கள்: புலிக்குகைக்குள் நுழையாவிட்டால் புலிக்குட்டியைப் பெற இயலாது. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஆங்கிலேய மாணவர் திண்டாடும் இடத்தில் நீங்கள் நடந்து போகலாம்.

புளியமரம்:

பார்த்தீர்களா! ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்று ஒரு ஜப்பானியப் பேராசிரியரே சொன்னார் அல்லவா?

சுவடிப்பெட்டி:

வந்துவிட்டது. இந்தத் திரியில் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன். ஓனோ சுசுமு அப்படியொரு தொடர்பை முன்வைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது கொரியத்திலும் உண்டு, மங்கோலியத்திலும் உண்டு, துருக்கியத்திலும் உண்டு. அதற்காக எல்லோரையும் பங்காளி ஆக்கிவிட முடியாது. வேண்டுமென்றால் தனித் திரி தொடங்குங்கள்.

ஹான்நதிக்கரை:

புலிக்குகையை என் வகுப்புத் தோழிகளிடம் காட்டிவிட்டேன். கொரியத் தோழிக்கும் அது இடம் மாறாமலே வந்தது. அவள் என்னைவிட வேகமாகச் சொன்னாள்.

தைனான் அக்கா சொன்ன கேலிதான் உறுத்துகிறது. நான் ஏற்கெனவே படித்து அட்டையில் குறித்துவைத்த கட்டுரைகளில் இரண்டு மூன்று இடங்களில் "பொருள் விளங்கவில்லை, முக்கியமில்லை" என்று எழுதியிருக்கிறேன். நேற்று இரவு அந்த அட்டைகளைத் திரும்ப எடுத்தேன். ஒன்றில் இருப்பது லாபத்தைப் பற்றிய வரி. அது அந்த மன்னனின் கேள்வியா, வெறும் தற்செயலா என்று இன்னும் தெரியவில்லை. எழுத்தாளர் விற்பனைப் பெண்ணைப் பேச வைக்கிறார்; வாடிக்கையாளர் தொலைவிலிருந்து வந்திருக்கிறார்.

இருந்தாலும் கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன உதவித்தொகைக் கணக்கு என் கணக்குதான், அதில் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. இரண்டாம் பருவத்துக்குப் பதிலாகக் கன்புன் வகுப்பை ஏற்பார்களா என்று துறையில் எழுதிக் கேட்கப் போகிறேன். மறுத்தால் மறுபடியும் இங்கே வந்து புலம்புவேன்.

கணக்குப்பிள்ளை:

அந்த அட்டையைப் படமெடுத்துப் போடுங்கள். இயந்திரத்திடம் கொடுத்துப் பார்க்கிறேன். சுவடிப்பெட்டி ஐயாவும் பார்க்கட்டும். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சுவடிப்பெட்டி:

போடுங்கள். காற்புள்ளி வைக்காமல் போடுங்கள்.