சுசூகா முடிஞ்ச ஞாயித்துக்கிழமை

24 செப்டம்பர் 2023
குரூப்: எங்க வூடு, கோயமுத்தூர்

கவின் (12:09): முடிஞ்சுதுங்க, ஜப்பான் சுசூகாவுல ஃபார்முலா 1 கார் ரேஸு. வெர்ஸ்டாப்பன் மொதல்ல, நோரிஸ் ரெண்டாவது. நடுவுல 19 செகண்டு. இதுக்கா நான் சலூனுக்குக் கூடப் போகாம உக்காந்திருந்தேன்?

ராஜு மாமா: மொத வளைவுல நோரிஸோட மெக்லாரன் டீம் காரு ரெண்டும் ரெண்டு பக்கமும் ஏறி வந்துச்சே, பாத்தியா? வெர்ஸ்டாப்பன் எப்படி மறிச்சான்!

கவின்: அது ஒண்ணுதானுங்க மாமா. அப்புறம் கேமராவே அவனைக் காட்டல. இந்த வருசம் 16 ரேஸுல அவன் ஜெயிச்சது 13, அவனோட டீம் ரெட்புல் ஜெயிச்சது 15. இன்னும் 6 ரேஸ் கெடக்கு, டீம் கப்பை இன்னைக்கே தூக்கிட்டாங்க.

ராஜு மாமா: 2002லயே நாங்க இதெல்லாம் பாத்தாச்சு கண்ணு. ஃபெராரி டீம் ஷூமாக்கர் ஜூலையிலயே பட்டத்தை முடிச்சுட்டாரு. அப்பவும் 6 ரேஸ் மிச்சம்.

கவின்: போரடிக்கலீங்களா?

ராஜு மாமா: அவர் ஓட்டி ஜெயிச்சப்ப அடிக்கல. அந்த வருசம் ஆஸ்திரியாவுலதான் வெறுத்துப்போச்சு. அவரோட டீம் ஆளு பாரிச்செல்லோதான் முன்னால வந்துட்டிருந்தான். டீம் சொல்லுச்சுன்னு கடைசி நேர்ரோட்டுல, கோட்டுக்குப் பக்கத்துல வந்து ஷூமாக்கருக்கு வழி விட்டான். ஸ்டாண்டு பூரா ஊ...ன்னு கத்துச்சு. ஷூமாக்கருக்கே கூச்சமாப் போய் பரிசு மேடையில அவனை மேல் படியில ஏத்திவிட்டாரு. அதுக்கும் ஃபைன் போட்டாங்க 😄

நித்யா அக்கா: அதான் மாமா. ஒருத்தனே ஜெயிக்கறது குத்தமில்ல. எதிர்ல ஆளில்லாம ஜெயிக்கறப்பதான் சலிப்பு. 2005 இண்டியானாபோலிஸ் மாதிரி.

ராஜு மாமா: ஏய், அதைத் தொடாத. நம்மூர் நரேன் கார்த்திகேயன் நாலாவது!

கவின்: ஓடுனதே ஆறு காருங்க மாமா 😂

ராஜு மாமா: மிச்சலின் டயர்க்காரங்க அத்தனை பேரும் ரேஸ் ஓட்டாம வண்டியை ஷெட்டுக்குள்ள வுட்டா அதுக்கு நரேனா பொறுப்பு? 5 பாயிண்ட்டுன்னா 5 பாயிண்ட்டுதான்.

சாந்தி சித்தி: மத்தியானம் சோத்துக்கு யார் யாரு வர்றீங்க? அரிசி போடோணும்.

நித்யா அக்கா: நாங்க மூணு பேர் சித்தி. கவின், போன வாரம் சிங்கப்பூர் ரேஸுக்கு எத்தனை வாய்ஸ் நோட் அனுப்புன? ஃபெராரி சைன்ஸ் ஜெயிச்சானே, முன்னால வேணும்னே மெதுவாப் போய் நோரிஸை ஒரு செகண்டுக்குள்ள வெச்சுக்கிட்டான். நோரிஸுக்கு டிஆர்எஸ் (முன்னால போற காருக்கு ஒரு செகண்டுக்குள்ள இருந்தா வேகத்துக்குத் திறக்கற பின் ரெக்கை) திறந்துச்சு, பின்னால வந்த மெர்சிடீஸ் ரெண்டும் அவனைத் தாண்ட முடியல. கடைசி லாப்புல அந்த மெர்சிடீஸ்ல ஒருத்தன் ரஸ்ஸல் போய் செவுத்துல இடிச்சான். அதுக்கு முந்தி 14 ரேஸும் ரெட்புல் எடுத்திருக்கலைன்னா நீ அந்தக் குதி குதிச்சிருப்பியா?

கவின்: ஒரு நாள் கெடா விருந்துக்கு 14 நாள் பட்டினியா அக்கா? மாமாவுக்கு ஷூமாக்கர் சொந்த ஆளு, அதனால இனிச்சுது. எதிர் டீம் வில்லியம்ஸ் ஃபேனைக் கேட்டாத் தெரியும்.

ராஜு மாமா: அது வாஸ்தவம். அதனாலதான் 2003ல ரெண்டாவது எடத்துக்கு 6ஐ 8 பாயிண்ட் ஆக்குனாங்க. கடைசி ரேஸ் வரைக்கும் இழுத்துச்சு. மெக்லாரன் ரெய்க்கோனனுக்கும் ஷூமாக்கருக்கும் ரெண்டே பாயிண்ட்டு வித்தியாசம்.

கவின்: பட்டம் யாருக்குங்க?

ராஜு மாமா: ஷூமாக்கருக்குத்தான் 😁

நித்யா அக்கா: 🤣 அடுத்தது கத்தார், ராத்திரி ரேஸு. கவின் தூங்கிருவான்.

கவின்: ரெண்டாவது எடத்துக்கு யாருன்னு மட்டும் பாப்பேன். சித்தி, எனக்கும் சேத்து அரிசி போடுங்க.