தக்காளி வாடல்: டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் சேர்த்து இடலாமா?

வணக்கம் நண்பர்களே. ஒட்டன்சத்திரம் பக்கம் செம்மண்ணில் தக்காளி போட்டிருக்கிறோம். பூக்கிற நேரத்தில் அங்கங்கே செடி வாடுகிறது. முதலில் அடி இலை மஞ்சளாகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு. வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன், பால் மாதிரி எதுவும் கசியவில்லை. அதனால் பாக்டீரியா வாடலாக இருக்காது, பியூசேரியம் பூஞ்சைதான் என்று தோன்றுகிறது. வேரில் நூற்புழு முடிச்சும் இல்லை.

பூஞ்சைக்கொல்லியை ஊற்றிக்கொண்டே போக மனம் வரவில்லை. மண்ணில் நமக்கு உழைக்கிற நுண்ணுயிர்களும் சேர்ந்து செத்துப்போகும். ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நன்றாக மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் பெருக வைத்து, வேரோரம் இடப்போகிறேன். அது பியூசேரியத்தின் இழைகளைச் சுற்றிப் பிடித்துத் தின்றுவிடும்.

சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவையும் அதே குவியலில் சேர்க்கலாமா, இல்லை சில நாள் விட்டுத் தனியாகத்தான் கொடுக்க வேண்டுமா? சொட்டுநீரில் விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, வடிகட்டி அடைத்துக்கொள்கிறதா? அப்புறம், அடுத்த போகம் மக்காச்சோளத்துக்கு மாற்றி வாடல் குறைந்ததைக் கண்டவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நிற்கிற செடிகளையாவது காப்பாற்றியாக வேண்டும்.